ஆளுக்கு ஒரு டிஸ்க்

என் மகளை நான் நேரில் பார்த்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. அவள் உயிரோடு இருந்தது ஆறு வருடம். மீதி நாளெல்லாம் நான் போர்வெல் வண்டியில் வடக்கே இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓரிடத்தில் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. குழாய் இறக்குகிற வேலைக்குப் படிப்பும் வேண்டாம், ஒரே ஊரில் இருக்கவும் வேண்டாம். துளை போட்டு முடித்த அன்றே வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். அது எனக்குச் சரியாக இருந்தது.

என் மனைவி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். என் ஊர் கீழே, சங்கராபுரத்துக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் நடுவில், சுற்றிலும் கரும்பு. நான் வண்டிக்குப் போனதும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு மலை ஏறிவிடுவாள். கீழே அண்ணியோடு ஒரே அடுப்பில் அவளுக்கு ஒத்துவரவில்லை. மலையில் அவள் ஊரில் சிக்னல் கிடையாது. பிள்ளை செய்வதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வாள். சந்தைக்கு என்று கச்சிராயபாளையம் பக்கம் இறங்குகிற நாளில் அதில் இரண்டோ மூன்றோ எனக்கு வந்து சேரும். வண்டியின் நிழலில் உட்கார்ந்து பார்ப்பேன். என் போனில் இடம் இல்லாததால் பார்த்ததும் அழித்துவிடுவேன். மீதி அவள் போனிலேயே கிடக்கும்.

பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் காலையில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அப்போது சத்தீஸ்கரில் இருந்தேன். ரயிலும் பஸ்ஸுமாக வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. சின்னப் பிள்ளை உடம்பை எங்கள் பக்கம் வைத்திருக்க மாட்டார்கள், அன்றைக்கே புதைத்துவிடுவார்கள். நான் போனபோது மேல்மண் காய்ந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

அதன் பிறகு வண்டிக்குப் போகவில்லை. திருந்திவிட்டேன் என்றெல்லாம் இல்லை. போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மனைவி மலையில் இருக்க முடியாமல் கீழே வந்துவிட்டாள். அவள் கரும்பு வெட்டப் போனாள். நான் கள்ளக்குறிச்சியில் கண்காணிப்பு கேமரா மாட்டுகிற ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஓனர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஏணி பிடிப்பது, சுவரில் துளை போடுவது, ஒயர் இழுப்பது என் வேலை. ஆயிரம் அடி துளை போட்டவனுக்கு முக்கால் அங்குலத் துளை பெரிய விஷயமில்லை.

வேலைக்குப் போகிற ஒரு வீட்டில்தான் அந்தப் பெட்டியை முதலில் பார்த்தேன். செங்கல்லை நிறுத்தி வைத்தாற்போல் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டு ரவுட்டரோடு ஒயரில் இணைத்துவிட்டால், வைஃபை எட்டுகிற தூரத்தில் எந்தப் போனிலிருந்தும் அதில் படங்களைப் போட்டு வைக்கலாம், டிவியிலும் பார்க்கலாம். அதற்கு நெட் கூடத் தேவையில்லை. ஓனர் அதை நாஸ் என்பார். நான் பெட்டி என்றே சொல்வேன்.

"இதுல எதுக்கு ரெண்டு டிஸ்க்கு?" என்று கேட்டேன்.

"ஒன்னு பூட்ச்சின்னா இன்னொன்னுல இருக்கும்ல" என்றார் ஏணிக்கு அடியிலிருந்து. அவர் சொன்னது அந்த வீட்டுப் பெட்டியைப் பற்றி. எல்லாப் பெட்டியும் அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகும்போது அவருடைய பழைய பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு டிஸ்க்தான் இருந்தது, நான்கு டெராபைட், சுருக்கமாக நான்கு டிபி. அண்ணனிடம் சொன்னேன். அவருடைய மகள் கல்யாண வீடியோ ஒரு பென்டிரைவில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்றைக்கு வேண்டுமானாலும் போய்விடும் என்று நான் பயமுறுத்தியதில் அவரும் அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே உட்கார்ந்து மாட்டினேன். அண்ணன், அண்ணி, என் மனைவி மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் வரிசையாகக் கேள்வி கேட்டது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற இங்கிலீஷ்தான். ஓரிடத்தில் இரண்டு வழி காட்டி எது வேண்டும் என்றது. ஒன்றைத் தொட்டால் மொத்த இடம் நான்கு டிபி என்று வந்தது. இன்னொன்றைத் தொட்டால் எட்டு என்று வந்தது.

"நாலும் நாலும் எட்டுதான? எதுக்கு நாலுன்னு காட்டுது?" என்றார் அண்ணன்.

"பாதிய அதுவே முழுங்கிக்கினு காட்டுது" என்றேன். கைக்கு வந்த இடத்தில் பாதி வீணாகப் போவதை யார் ஒப்புவார்கள்? எட்டைத் தொட்டேன். சிவப்பு எழுத்தில் நான்கு வரி வந்தது. அதில் டிஸ்க் என்ற சொல்லும் டேட்டா என்ற சொல்லும் எனக்குப் புரிந்தன. கீழே சரி என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

இரண்டு டிஸ்க் இருப்பதுதான் பாதுகாப்பு, இது வெறும் இட அளவு பற்றிய கேள்வி என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் ஓனரைப் பார்க்கிறவன்தான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. கேட்கவில்லை.

"இதுல ரெண்டு டிஸ்க்கு இருக்குது. ஒன்னு போனாலும் இன்னொன்னுல அப்டியே இருக்கும்" என்று மூன்று பேருக்கும் விளக்கினேன். அண்ணி கூட, "பரவால்ல, எட்டாவது படிச்சதுக்கு இவ்ளோ தெரியுதே" என்றாள்.

மனைவியின் போன் அப்போது நகரவே முடியாமல் இருந்தது. இடம் நிறைந்து, யாராவது கூப்பிட்டால் எடுக்கவே அரை நிமிடம் ஆகும். அதற்கு முந்தைய போன் கண்ணாடி உடைந்து துணிகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டிலிருந்தும் எல்லாவற்றையும் ஏற்றினேன். நானூற்றுச் சொச்சம் வீடியோ, படம் அதற்கு மேல். ஏறி முடித்ததும் போனில் இருந்ததை அழிக்கப் போனேன்.

"இதுலயும் இருந்துட்டுப் போவட்டும்யா" என்றாள்.

"போன் செத்துக்கினு இருக்குது. அதான் அதுல ரெண்டு இருக்குதுன்னு சொல்றேன்ல."

"ரெண்டு இருந்தா மூணாவது இருக்கக் கூடாதா?"

நான் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். பழைய போனையும் அழித்து ஒரு கடையில் கொடுத்துவிட்டேன்.

முதலில் சில மாதம் அவள் டிவி பக்கமே வரவில்லை. நான்தான் பார்த்தேன். பிள்ளை சாமைக் கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்வது, ஆட்டுக்குட்டியைத் துரத்தி விழுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்திருப்பது. பிறகு அவளும் வந்து உட்கார்ந்தாள். கரும்பு வெட்டிவிட்டு வந்து, கை கால் கழுவி, இருட்டுவதற்குள் ஒன்றோ இரண்டோ பார்ப்பாள். பிள்ளையே போனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு வீடியோ இருந்தது. தரையும் அவள் காலும் மூச்சு வாங்குகிற சத்தமும்தான், வேறு ஒன்றும் தெரியாது. அதைத்தான் அடிக்கடி போடச் சொல்வாள். இரண்டு வருடம் இப்படிப் போனது.

அப்பா இறந்த மறுவருடம் பாகம் பிரித்தோம். அண்ணியின் ஊர் நைனார்பாளையம். அங்கே தீவனக் கடை வைக்க அண்ணன் முடிவு பண்ணியிருந்தார். பெரிய சண்டை எதுவும் இல்லை. பங்காளி முறையில் ஒரு பெரியப்பா வந்து உட்கார்ந்தார், கூட இரண்டு பேர். எங்கள் பக்கம் பாகம் என்றால் நிலம், வீட்டோடு முடியாது. வீட்டிலிருக்கும் சாமான் அத்தனையும் வாசலில் எடுத்து வைக்க வேண்டும். பெரியவன் இரண்டாகப் பிரித்து வைப்பான், சின்னவன் முதலில் எடுப்பான். பொதுவில் ஒரு கரண்டியைக் கூட விடக் கூடாது, விட்டால் அதை வைத்தே நாளைக்குச் சண்டை வரும் என்பார்கள். அண்டா, ஆட்டுக்கல், கடப்பாரை, கட்டில் எல்லாம் இரண்டு கும்பலாக இருந்தன. வீட்டுக்கு நடுவில் எங்கே சுவர் வரும் என்று சாக்பீஸில் கோடு போட்டாகிவிட்டது.

கடைசியில் பெட்டி மட்டும் மிஞ்சியது.

"இது இன்னாடா, ரேடியோவா?" என்றார் பெரியப்பா.

"கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் இதுல இருக்குது பெரிப்பா" என்றார் அண்ணன்.

"யாரு வாங்கனது?"

"பொட்டி அவனுது. டிஸ்க்கு ஒன்னு நான் வாங்கிக் குடுத்தது."

"அப்ப உள்ள எத்தினி இருக்குது?"

"ரெண்டு" என்றேன். "ரெண்டுலயும் எல்லாமே இருக்கும் பெரிப்பா. ஒன்னு மாதிரியே இன்னொன்னு."

பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடேய், ஒத்த மாட்டப் பிரிக்க முடியாம மூணு நாள் ஒக்காந்த ஊர்டா இது. இத்தப் பிரிக்கிறதுக்குன்னே ரெண்டா செஞ்சு அனுப்பிக்கிறான். ஆளுக்கு ஒன்னு எடுத்துக்கங்க. பொட்டி சின்னவனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி, "எங்க வூட்டுக் கல்யாண வீடியோல எத்தினி பேரு எத்தினி எல சாப்ட்டாங்கன்னு இனிமே இவுங்களும் பாக்கலாம்" என்றாள். என் மனைவி கூடச் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அது அபூர்வம்.

நான்தான் திருப்புளி எடுத்து வந்து இரண்டையும் கழற்றினேன். புதியதை அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதை ஒரு துண்டில் சுற்றி, தன் பங்குக் கும்பலில், அண்டாவுக்குள் வைத்தார்.

வீடு பிரிந்ததும் கரண்டும் பிரிந்தது. மீட்டர் அண்ணன் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. என் பக்கத்துக்குத் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்து, ஆள் வந்து, கம்பி இழுத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை விளக்குதான். மனைவி இரண்டு தடவை கேட்டாள். கரண்ட் வரட்டும் என்றேன்.

கரண்ட் வந்த அன்று மாலை என் டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டிப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் ஒன்றும் வரவில்லை. மனைவி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வெறும் திரையைப் பார்த்துவிட்டு, "ஒயரு சரியா இல்லபோல" என்று எழுந்து சோறாக்கப் போனாள். நானும் ஒயர்தான் என்று நினைத்தேன்.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஓனர் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு டிஸ்க்கு எங்கப்பா?"

சொன்னேன்.

"ஆளுக்கு ஒன்னா? இத்த நீ எப்டிப் போட்ட? நாலா, எட்டா?"

"எட்டு."

அவர் ஒரு பழைய பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக் காட்டினார். "நாலுன்னு போட்டிருந்தா ஒரே பொஸ்தகம் ரெண்டு காப்பி. நீ எட்டுன்னு போட்டதால ஒரே பொஸ்தகம்தான். மொதப் பக்கம் இதுல, ரெண்டாவது பக்கம் அதுல, மூணாவது இதுல. ரெண்டும் சேந்தாதான் படிக்க முடியும். ஒரு வீடியோ கூட இதுல முழுசா இருக்காது."

"ரெண்டையும் திரும்பச் சேத்தா?"

"சேத்தா வந்துரும். அந்த டிஸ்க்குல கை வைக்காம இருந்தா. போ, இப்பவே போ."

அவருடைய வண்டியையே கொடுத்தார். நைனார்பாளையம் போகிற வரைக்கும் நான் எதுவும் நினைக்கவில்லை. துண்டில் சுற்றி அண்டாவுக்குள் வைத்தது மட்டும் கண்ணில் இருந்தது. அண்ணன் எதையும் சீக்கிரம் பிரிக்கிற ஆள் இல்லை. அந்தத் துண்டு அப்படியே இருக்கும்.

கடை திறந்திருந்தது. மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு மேலே, கல்லாவுக்குப் பின்னால், ஒரு சின்னத் திரை. அதில் இரண்டு கட்டம். ஒன்றில் கடை வாசல், இன்னொன்றில் பின்பக்கக் கொட்டகை. வாசல் கட்டத்தில் நானே வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. இந்த வேலையில் இருக்கிறவனுக்கு அதைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிடும்.

"வாடா. இன்னா, சொல்லாம கொள்ளாம?" என்றார் அண்ணன்.

"அந்த டிஸ்க்கு எங்கணா?"

"அதான் ஓடிக்கினு இருக்குதே" என்று திரைக்குக் கீழே இருந்த ரெக்கார்டரைக் காட்டினார். "உங்கண்ணியோட சொந்தக்காரப் பையன்தான் கேமரா மாட்டுனான். டிஸ்க்கு தனியா வாங்கணும்னான். கைல ஒன்னு சும்மா கெடக்குதே, அதப் போட்றான்னு குடுத்துட்டன். உள்ள இருக்கறது அழிஞ்சுரும், பரவால்லியான்னு கேட்டான். எந்தம்பிகிட்ட இன்னொன்னு இருக்குது, அழிச்சுக்கடான்னேன்." சொல்லிவிட்டு மூட்டையிலிருந்து இறங்கி வந்தார். "நானே உனக்குப் போன் பண்ணணும்னு இருந்தன். பழைய பென்டிரைவ் பூட்ச்சு, கல்யாண வீடியோவ வேற ஒன்னுல போட்டுக் குடு. உங்கண்ணி கேட்டுக்கினே இருக்கறா."

எப்போது மாட்டினார்கள் என்று கேட்டேன். இங்கே வந்த மூன்றாம் நாள் என்றார். இரண்டரை வாரமாக அந்த டிஸ்க் இரவும் பகலும் கடை வாசலை எழுதிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே ஓனருக்குப் போன் செய்தேன். "அழிச்சது மட்டும்னா ஏதாவது பாக்கலாம். மேல எழுதிருச்சுன்னா முடிஞ்சுதுப்பா. உங்க படமெல்லாம் கொஞ்சம்தான், டிஸ்க்கோட ஆரம்பத்துலயே இருந்திருக்கும். அதத்தான் மொதல்ல தின்னிருக்கும். உன் டிஸ்க்குல ஏதாவது தேறுதான்னு பண்ணிப் பாக்கறேன்" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "நீதானடா ரெண்டும் ஒன்னுன்னு சொன்ன?" என்றார். அதில் கோபம் இல்லை. கேள்விதான். ஆமாம் என்றேன். அவர் ரெக்கார்டரின் ஒயரைப் பிடுங்கப் போனார். வேண்டாம், இனிமேல் பிடுங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை என்றேன். கடைக்கு ஆள் வந்துவிட்டது. அவர் பருத்திக்கொட்டை எடை போடப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னேன். கொட்டகையில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"ஒன்னு கூடவா இல்ல?"

"தெரியல. ஓனரு ஏதோ பண்ணிப் பாக்கறன்னாரு."

"போன்ல இருந்துட்டுப் போவட்டும்னு சொன்னன்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு நாளும் அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஓனர் என் டிஸ்க்கை ஒரு மென்பொருளில் போட்டு இரண்டு நாள் ஓடவிட்டார். வீடியோ ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் பெட்டி தன் வசதிக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொடிப் படம் செய்து வைத்திருக்குமாம், பட்டியலில் காட்டுவதற்கு. அது ரொம்பச் சின்னது என்பதால் பிரியாமல் ஒரே டிஸ்க்கில் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிச் சில நூறு கிடைத்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. பெரும்பாலும் கல்யாணப் பந்தி. சுவரில் மாட்டிய கேமராப் படம் போல எல்லோரும் தூரத்தில் இருந்தார்கள். பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாக உடைந்தது.

கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மலை வீட்டுக் கூரை, மண் முற்றம், ஆடு இதெல்லாம் தெரிந்தால் நிறுத்தி உற்றுப் பார்ப்பேன். சின்ன உருவம் இருந்தால் தனியாக எடுத்து வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆனது. பதினொன்று தேறியது. சிவப்புப் பாவாடையோடு ஒன்று, மரத்தடியில் ஒன்று, ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்து ஒன்று. அந்த ஆட்டுக்குட்டிப் படத்தைத்தான் அந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகம் சரியாகத் தெரியாவிட்டாலும், தலையைச் சாய்த்திருந்த விதம் அவளேதான்.

பதினொன்றையும் என் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று வேலை இல்லை, மனைவி வீட்டில்தான் இருந்தாள். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து போனைக் கையில் வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பெரிதாக்கிப் பார்க்கவில்லை. கடைசி வரைக்கும் போய், திரும்ப முதலிலிருந்து வந்தாள்.

ஆட்டுக்குட்டிப் படத்தில் நின்றாள்.

"இது அவ இல்ல" என்றாள்.

"நல்லாப் பாரு. தலைய சாச்சிக்கினு—"

"பக்கத்து வூட்டுப் புள்ள. அந்த ஆடே அவுங்களுது. நம்மளுது ஆட்டுக்குட்டியத் தொரத்தும், தூக்காது. பயம் அதுக்கு."

அப்புறம் அவளே விரலால் தள்ளி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். இது எங்கள் மகளின் சித்தி மகள். இது யாரென்று தெரியவில்லை. சிவப்புப் பாவாடை, பின்னால் இருக்கிற வீட்டுக்காரி பேத்தி. இது அவள். இதுவும் அவள், திரும்பி நிற்கிறாள். மரத்தடியில் இருப்பது பிள்ளையே இல்லை, வைக்கோலுக்கு மேலே போட்ட துணி. பதினொன்றில் மூன்றுதான் எங்கள் மகள். மூன்றிலும் முகம் இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் கூடவே இருந்தவளுக்கு நகம் அளவு படத்தில் முதுகைப் பார்த்தாலும் தெரிகிறது. எனக்கு இருந்தது அந்த வீடியோக்கள்தான். அது போய் ஒரு மாதம் கூட ஆகவில்லை, நான் யாரோ ஒரு பிள்ளையை ஒரு வாரமாக மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மீதிய அழிச்சிடவா?" என்று கேட்டேன்.

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "யாரோ பெத்த புள்ளைங்க. உனக்கு எப்பப் பாத்தாலும் அழிக்கிறதேதானா வேல?" என்றாள். எழுந்து, தண்ணீர் வருகிற நேரமாகிவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.